பத்துக்குப் பத்து அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

சேலம் அம்மாபேட்டையில் ஒரு மாடி அறை. நீளம் பத்து அடி, அகலம் பத்து அடி, தளத்தின் உயரமும் பத்து அடி. வீட்டிலேயே பாடல் பதிவு செய்ய அந்த அறைக்கு நான் முதன்முதலில் வாங்கிய மானிட்டர் ஸ்பீக்கர்களில் எட்டு அங்குல ஊஃபர், அதாவது அடி ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு, இருந்தது. கடையில் கேட்டபோது நெஞ்சு அதிர்ந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக நண்பர்கள் பாடிய ஒரு பக்திப் பாடலை அதில் மிக்ஸிங் செய்தேன், அதாவது குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்த்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் பேஸ், அதாவது அடி ஒலி, போதவில்லை. ஏற்றினேன். அப்போதும் போதவில்லை, மேலும் ஏற்றினேன். மறுநாள் அதே பாடலை நண்பரின் காரில் போட்டபோது கதவுப் பலகைகள் கடகடத்தன. பாடியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஸ்பீக்கரில் எந்தக் குறையும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. பத்து அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்த நீளத்தில் ஓர் அலையின் பாதி சரியாக அடங்குவது 56 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 56 அதிர்வில். அந்த ஒலி சுவரோரத்தில் ஊதிப் பெருக்கும். நட்டநடுவில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ்தான் சிக்கிக்கொள்ளும். என் நாற்காலி இருந்ததோ அறையின் நட்டநடுவில். காதுக்கு வராத பேஸைத் தேடித்தேடி ஏற்றியிருக்கிறேன். பாடலில் அது முதலிலிருந்தே நிறைய இருந்தது.

அதனால்தான், "எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் அறையின் அளவைக் கேட்கிறேன். பணம் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குப் பிறகு.

முதலில் டேப்பை எடுங்கள்

அறையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து, அல்லது அதைவிடச் சிறியது என்றால் மூன்றரை அங்குலம் முதல் ஐந்து அங்குலம் வரை உள்ள ஊஃபர் போதும். பன்னிரண்டுக்குப் பதினான்கு என்றால் ஐந்து அங்குலம் நன்றாக இருக்கும். ஆறரை அங்குலம் அதைவிடப் பெரிய, மெத்தை, திரைச்சீலை என்று ஓரளவு நிரம்பிய அறைகளுக்கு. எட்டு அங்குலத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பெரிய ஊஃபர் சிறிய அறையில் அதிக உண்மையைச் சொல்வதில்லை. அறையின் பொய்யை உரக்கச் சொல்கிறது.

நீங்கள் பதிவு செய்யப்போவது என்ன என்பதையும் பாருங்கள். குரல், வீணை, புல்லாங்குழல், கிட்டார் என்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் அதற்கு மேலேதான். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். உருமியும் எலக்ட்ரானிக் தாளங்களும் கீழே இறங்கும். அவற்றைச் செய்கிறவர்கள் ஐந்து அங்குலம் வாங்கி, அடி ஒலிகளை நல்ல ஹெட்ஃபோனில் சரிபார்த்துக்கொள்ளலாம். மைக் திறந்திருக்கும்போது ஸ்பீக்கரை அணைத்தே ஆக வேண்டும் என்பதால் மூடிய வகை ஹெட்ஃபோன் எப்படியும் தேவைப்படும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஹோம் தியேட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது பாடலை அழகாக்கிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது: பேஸைக் கொஞ்சம் தூக்கும், மேல் ஒலிகளைக் கொஞ்சம் பளபளப்பாக்கும். மானிட்டரின் வேலை உள்ளதை உள்ளபடி காட்டுவது. பழைய ஒலிப்பதிவுக்கூடப் படங்களில் வெள்ளைக் கூம்புடன் ஒரு ஸ்பீக்கரைப் பார்த்திருப்பீர்கள். அது யமஹாவின் என்எஸ்10. 1978இல் வீட்டில் இசை கேட்பதற்காக வந்தது. அந்த வேலைக்கு அது பெரிதாகப் பாராட்டப்படவில்லை. ஆனால் இதில் நன்றாக ஒலிக்கும் பாடல் வேறு எங்கும் நன்றாக ஒலிக்கும் என்று ஒலிப்பொறியாளர்கள் கண்டுகொண்டார்கள். உலகெங்கும் மிக்ஸிங் மேசைகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. காதுக்கு இதமாக இருப்பதும் வேலைக்கு உதவுவதும் ஒன்றல்ல.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் வகையை மட்டும் பாருங்கள். தனி ஆம்ப்ளிஃபயர் கேட்கும் வகை தொடக்கக்காரருக்கு வீண் அலைச்சல்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான ஹோம் தியேட்டர் பெட்டிகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்களே, அதற்கு எந்தப் பொருளும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணைத் தேடுங்கள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 25 வாட்ஸே தாராளம்.

அதிர்வெண் எண்ணைப் படிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. யமஹா எச்எஸ்5 என்ற ஐந்து அங்குல மானிட்டரின் விவரத்தாளில் 54 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை என்று இருக்கும். பக்கத்திலேயே, அது ஒலியின் உரப்பு 10 டெசிபல் தணியும் இடம் வரையிலான கணக்கு என்றும் போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கணக்கில் அதே ஸ்பீக்கர் 74 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. யமஹா இரண்டையும் சொல்லிவிடுகிறது. எத்தனை டெசிபல் கணக்கு என்று சொல்லாமல் வெறும் '40 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி வேறொன்றுடன் ஒப்பிடக் கூடாது.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சுவருக்கு அருகில் வைத்தால் பேஸ் பெருக்கும் என்பதால் அதைக் குறைக்க ஒரு ஸ்விட்ச் நல்ல மாடல்களில் இருக்கும். எச்எஸ்5இல் ரூம் கண்ட்ரோல் என்ற பெயரில் 2 அல்லது 4 டெசிபல் குறைக்கலாம். ஜேபிஎல் 305பி மார்க் 2இல் பவுண்டரி ஈக்யூ என்ற பெயரில் ஒன்றரை அல்லது 3 டெசிபல். நம் வீடுகளில் மேசை எப்போதும் சுவரை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஸ்விட்ச் பத்து வாட்ஸைவிடப் பயனுள்ளது.

கையில் உள்ள பணம்

விலைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். என் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஜோடிக்குப் பத்தாயிரத்தை ஒட்டிய பணம் இருந்தால் பிரிசோனஸ் எரிஸ் 3.5, மேக்கி சிஆர்3-எக்ஸ், எடிஃபையர் எம்ஆர்4 ஆகியவற்றைப் பார்க்கலாம். முதல் இரண்டும் 80 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதாகச் சொல்பவை. எம்ஆர்4இல் நான்கு அங்குல ஊஃபர். 60 வரை இறங்கும் என்பது கணக்கு. குரலும் கிட்டாரும் பதிவு செய்கிறவருக்கு இந்த மூன்றில் எதுவும் தவறில்லை. என்னைக் கேட்டால் நான்கு அங்குலத்தின் பக்கம்தான் சாய்வேன். இந்த வகையில் ஒரு ஸ்பீக்கரில்தான் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். மற்றது அதிலிருந்து ஒரு வயரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆம்ப்ளிஃபயர் உள்ளது பழுதானால் இரண்டும் ஊமை. அந்த விலைக்கு அது சரிதான்.

முப்பதாயிரத்தைத் தொடவோ தாண்டவோ முடியும் என்றால் எச்எஸ்5, 305பி மார்க் 2. இவற்றில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர், அதிலும் ஊஃபருக்கு ஒன்று, மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஒன்று. எச்எஸ்5 நடு ஒலிகளில் இரக்கமே காட்டாது. குரலில் இருக்கும் கரகரப்பை முகத்துக்கு நேரே நீட்டும். 305பி கீழே சற்று அதிகம் இறங்கும். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாலும் ஒலி அவ்வளவாக மாறாது. பாடகர்களுக்கு முதலாவது, தாளக்காரர்களுக்கு இரண்டாவது என்பது என் தீர்ப்பு. மறுக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் ஒற்றையாகத்தான் விற்கும். இணையத்தில் காட்டும் விலை ஒரு ஸ்பீக்கருக்கு. கொண்டலாம்பட்டியில் ஒரு தம்பி 'இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே' என்று மகிழ்ந்து வாங்கினார். பெட்டியைத் திறந்தால் ஒன்றுதான் இருந்தது. அடுத்ததற்குப் பணம் சேர்க்க நான்கு மாதம் ஆயிற்று. நான்கு மாதமும் அவர் இடது காதால் மட்டுமே மிக்ஸிங் செய்தார். அடுத்ததும் அதே மாடலில்தான் வேண்டும். வேறு வேறு மாடல்களை ஜோடி சேர்க்க முடியாது.

இடைப்பட்ட பணம் இருந்தால்? பத்தாயிரத்து ஸ்பீக்கரை வாங்கிவிட்டு மீதியை அறைக்குச் செலவழியுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். பெங்களூருக்கோ கோவைக்கோ வேறு வேலையாகப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். உங்களுக்கு மனப்பாடமான இரண்டு மூன்று பாடல்களை நல்ல தரத்தில் எடுத்துச் செல்லுங்கள். ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒலி அளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்; விற்பனையாளருக்கு அது நன்றாகத் தெரியும். பழையது வாங்குகிறவர்கள், ஒரே குரலை இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாகப் போட்டு நடுவில் நின்று கேளுங்கள். குரல் உங்கள் மூக்குக்கு நேரே நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் எங்கோ கோளாறு. ட்வீட்டர் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அங்கேதான் முதலில் விரல் வைக்கும்.

வயரும் மின்சாரமும்

மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேராக இழுக்காதீர்கள். மைக்கைக் கணினியுடன் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸின் பின்னால் உள்ள இரண்டு அவுட்புட்டிலிருந்து டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் கேபிள் போடுங்கள். பேலன்ஸ்டு எனப்படும் இந்த வகை இணைப்பு, வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலைத் தானே கழித்துவிடும். ப்ளூடூத் வசதி இருக்கலாம். பாட்டு கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலி தாமதமாக வரும்.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும் தெருக்களில் இந்தப் பாடம் முக்கியம். என் அறையில் பாடலே ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரு முரல் இருந்தது. தறிதான் காரணம் என்று ஓர் ஆண்டு முழுவதும் திட்டிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, சுவரில் மூன்று துளை இருந்தது, மூன்றாவது துளையில் எர்த் வயரே இல்லை. எர்த் கொடுத்து, கணினியையும் இன்டர்ஃபேஸையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் மாட்டியதும் முரல் போய்விட்டது. தறிக்காரரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. முரலைப் போக்க எர்த் பின்னை ஒடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

மின்வெட்டின்போது ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டரில் ஓட்டினால் கரகரப்பு வரும். சைன் வேவ் வகை நல்லது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்பீக்கர் என்றால், மாட்டுவதற்கு முன் பின்புறத்தில் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோடை இடிமழை தொடங்கினால் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள்.

எங்கே வைப்பது

இந்தப் பகுதிக்குச் செலவு இல்லை. அதனாலோ என்னவோ யாரும் செய்வதில்லை.

அறை நீள்சதுரம் என்றால் குறுகிய சுவரைப் பார்த்து உட்காருங்கள். இடது சுவருக்கும் வலது சுவருக்கும் சம தூரத்தில் இருங்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உங்கள் தலை இருப்பது நல்ல தொடக்கம்: பன்னிரண்டு அடி அறையில் ஏறத்தாழ நாலரை அடி. இது வேதவாக்கு அல்ல. அங்கிருந்து முன்னும் பின்னும் அரையடி நகர்ந்து பார்க்கலாம். சரிபாதியில் மட்டும் உட்காராதீர்கள்.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆக வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு இடையே மூன்றடி என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கும் மூன்றடி. நூல் கட்டி அளந்தாலும் தவறில்லை. நான் அப்படித்தான் செய்தேன். ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் அடியில் செங்கல் வைத்து, அதன்மேல் அழுத்தமான ஸ்பாஞ்ச் துண்டு போடுங்கள். இல்லாவிட்டால் மேசையும் சேர்ந்து பாடும். பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கருக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் இடமாவது விடுங்கள். மூலையில் எதையும் திணிக்க வேண்டாம்.

வைத்தபின் ஒரு சோதனை. 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஒலியை ஓடவிடுங்கள். கணினியில் உள்ள ஒலிப்பதிவு மென்பொருளே அதை உருவாக்கித் தரும். உங்கள் அறையில் யார் யார் கூடப் பாடுகிறார்கள் என்று அப்போது தெரியும். என் அறையில் முதலில் பீரோ கதவு, அடுத்து பரண்மேல் இருந்த எவர்சில்வர் அண்டா, கடைசியில் சாமி படத்தின் கண்ணாடி. அண்டாவுக்குள் பழைய புடவைகளைத் திணித்தேன். படத்துக்குப் பின்னால் துணி வைத்தேன். பீரோவை வெளியே தள்ள வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. கதவிடுக்கில் அட்டை செருகியிருக்கிறது.

முட்டை அட்டை வேண்டாம்

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது மேல் ஒலியில் கொஞ்சத்தைத் தின்னும். பேஸை ஒன்றும் செய்யாது. நன்றாகத் தீப்பிடிக்கும். மெல்லிய ஸ்பாஞ்ச் தாள்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

வேலை செய்வது தடிமன். ஏசி, பார்ட்டிஷன் வேலைக்கு விற்கும் ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகை, இரண்டடிக்கு நான்கடி, மூன்று நான்கு அங்குலத் தடிமனில் வாங்கி, மரச்சட்டம் அடித்து, காற்று புகும் பருத்தித் துணியால் மூடுங்கள். துணிக்கு நம் ஊரில் பஞ்சமா? வாயில் ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், அதுதான் சோதனை. வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் போடாவிட்டால் இரண்டு நாள் அரிக்கும். முதல் இரண்டு பலகைகள் இடது, வலது சுவர்களில், ஸ்பீக்கர் ஒலி சுவரில் பட்டு உங்களிடம் திரும்பும் இடத்தில். நீங்கள் நாற்காலியில் இருக்க, இன்னொருவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடமே அது. அடுத்தவை மூலைகளுக்கு. பணம் இல்லையென்றால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். பார்க்க நன்றாக இருக்காது. கேட்க நன்றாக இருக்கும்.

ஏற்காட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் எதிரி ஈரம். மூடுபனிக் காலத்தில் வெளிச்சுவர் வியர்க்கும். ஸ்பீக்கரை உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைக்கும். கேபிள் முனைகள் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியை எறியாதீர்கள். பழுதுபார்க்கக் கீழே கொண்டுபோகும் நாளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அது அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் கடக்க வேண்டும்.

காதைப் பழக்குவது

முதல் ஒரு மாதம் மிக்ஸிங்கைவிட அதிகம் கேளுங்கள். பல ஆண்டுகளாகத் தெரிந்த பாடல்களை இந்த ஸ்பீக்கரில் போட்டு, தவில் எவ்வளவு முன்னால் நிற்கிறது, குரலுக்கும் தம்புராவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பாடலை அவற்றின் பக்கத்தில் வையுங்கள்.

ஒலி அளவை ஒரே இடத்தில் நிறுத்துவது முக்கியம். மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குப் பேஸ் குறைவாகவே எட்டும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இரவு மெதுவாக வைத்து பேஸை ஏற்றியவர் காலையில் உரக்க வைத்துத் தலையில் கை வைப்பார். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, நாற்காலியில் ஏறத்தாழ 75 டெசிபல் வரும்படி வால்யூம் திருகை நிறுத்தி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதைத் தாங்குவார்.

பாடலை முடித்துவிட்டதாக நினைத்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவில் கேளுங்கள். அதன்பின் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் தற்காலிகமாக வெட்டிவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஆடியில் தெருமுனைக் கம்பத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்கு இடமும் கிடையாது வலமும் கிடையாது, பேஸ் என்ற ஒன்று இருப்பதும் அதற்குத் தெரியாது. அந்த நிலையிலும் வரிகள் புரிகின்றனவா, தாளம் நிற்கிறதா என்று பாருங்கள். எட்டு அங்குலத்தை ஒரு கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கிக்காரரிடம் விற்றுவிட்டு, நான்கு அங்குல ஜோடியில் அந்த மாரியம்மன் பாட்டை நான் மறுபடி மிக்ஸிங் செய்தபோது கடைசியாகச் செய்த சோதனை இதுதான். அந்த ஆடியில் இரண்டு தெரு தள்ளி நின்று கேட்டேன். பாடியவரின் குரல் கிணற்றைவிட்டு வெளியே வந்திருந்தது.